எந்தச் சாலைக்கு எந்தக் கோட்டிங்?

ஜூன் பிறந்துவிட்டால் வாளையாறைத் தாண்டியதும் மழையின் குணமே மாறிவிடும். கோவையில் தூறலாக இருந்தது பாலக்காட்டுக்குள் கொட்டித் தீர்க்கும். வேலை நிமித்தம் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் திருச்சூருக்கும், உறவினர்களைப் பார்க்க ஆழியாறு வழியாக வால்பாறைக்கும் மழைக்காலத்தில் அடிக்கடி கார் ஓட்டுகிறவன் நான். முன்கண்ணாடியில் பூசும் நீர்விலக்கி கோட்டிங்குகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த இரண்டு சாலைகளில் கற்றதுதான். எந்தப் பாட்டில் சிறந்தது என்று கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: மழையில் நீங்கள் என்ன வேகத்தில் ஓட்டுவீர்கள்?

முத்து நிற்பது முக்கியமல்ல, ஓடுவதுதான் முக்கியம்

சுத்தமான கண்ணாடி தண்ணீரைத் தன்மேல் இழுத்துப் பரப்பிக்கொள்ளும். கோட்டிங் அந்த ஈர்ப்பை மறைத்துவிடுவதால் தண்ணீர் பரவாமல் திரண்டு துளியாக நிற்கிறது. துளியின் ஓரம் கண்ணாடியோடு சேரும் கோணத்தைத் தொடுகோணம் என்பார்கள். அது 90 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பரப்பு நீரை விலக்குகிறது என்று பொருள். சிலிக்கோன் வகைப் பூச்சுகளில் இது 100 டிகிரியை ஒட்டியும், ஃபுளோரின் வகையில் 110 டிகிரியை ஒட்டியும் இருக்கும்.

கடையில் கண்ணாடிமேல் தண்ணீரைத் தெளித்து, முத்து முத்தாக நிற்பதைக் காட்டி விற்பார்கள். நின்ற வண்டியில் முத்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஓட்டுகிறவருக்கு வேண்டியது, அந்த முத்து சீக்கிரம் இடத்தைக் காலி செய்வது. தொடுகோணம் அதிகமாக இருந்தால் துளி எளிதில் வழுக்கும் என்று கட்டாயமில்லை. சிலிக்கோனின் மூலக்கூறுச் சங்கிலிகள் நெகிழ்வானவை. அதனால் கோணம் சற்றுக் குறைவாக இருந்தும் துளி அதன்மேல் சுலபமாக நகர்கிறது. ஃபுளோரின் பூச்சில் துளி உருண்டு திரண்டு நிற்கும், ஆனால் நகர்வதற்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கும். அதற்கு ஈடாக, வைப்பரின் தேய்ப்பையும் வெயிலையும் அதிக நாள் தாங்கும்.

தாமரை இலை மாதிரி ஒட்டவே ஒட்டாத கோட்டிங் கிடையாதா என்று கேட்பவர்கள் உண்டு. தாமரை இலையில் மெழுகு மட்டும் வேலை செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுபள்ளங்களும் சேர்ந்துதான் நீரைத் தள்ளுகின்றன. அப்படிப்பட்ட சொரசொரப்பைக் கண்ணாடியில் உண்டாக்கினால் வெளிச்சம் சிதறும் வாய்ப்பு அதிகம், வைப்பரும் அதைச் சுரண்டி எடுத்துவிடும். முன்கண்ணாடிக்கு வழவழப்பான பூச்சுதான் பொருத்தம்.

இரண்டு குடும்பங்கள்

சந்தையில் எத்தனை பெயர்கள் இருந்தாலும் பெரும்பாலானவை இந்த இரண்டு குடும்பங்களில் அடங்கிவிடும். அமெரிக்காவின் ரெயின்-எக்ஸ் பழைய, பெயர்பெற்ற சிலிக்கோன் வகை. துணியில் ஊற்றித் தேய்த்து, காய்ந்து வெள்ளை படர்ந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். விலை குறைவு, பூசுவது எளிது, தொடர்ந்து வைப்பர் ஓடினால் சில வாரங்களில் தேய்ந்துவிடும்.

பிபிஜி நிறுவனம் உருவாக்கிய அக்வாபெல் ஃபுளோரின் வகை. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே வினைபுரியத் தொடங்கும் என்பதால் மூடிய குப்பியில் வரும். குப்பியை அழுத்தி உடைத்ததும் பூசி முடித்துவிட வேண்டும், மீதியை எடுத்துவைக்க முடியாது. ஜப்பானின் சாஃப்ட்99 நிறுவனம் கிளாக்கோ என்ற பெயரில் இரண்டு வகைகளையுமே விற்கிறது. ரோல்-ஆன் சிலிக்கோன், அல்ட்ரா ஃபுளோரின். நீண்ட நாள் உழைப்பதே அல்ட்ராவின் விளம்பரம். நம் ஊர்த் தூசியிலும் உச்சி வெயிலிலும் ஃபுளோரின் வகை ஒரு மழைக்காலத்தைத் தாங்கினாலே நான் திருப்தி அடைவேன்.

ஒரே கண்ணாடியில் மூன்று பட்டைகள்

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டு வண்டிகளையோ இரண்டு பயணங்களையோ ஒப்பிட வேண்டாம். மழையும் வேகமும் மாறிவிடும். ஓட்டுநர் பக்கத்தைத் தொடாமல், இடப்பக்கக் கண்ணாடியில் மேலிருந்து கீழாக மாஸ்கிங் டேப் ஒட்டி மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள். ஒன்றில் சிலிக்கோன், ஒன்றில் ஃபுளோரின், நடுவில் வெறும் கண்ணாடி. நெடுக்குப் பட்டைகளாக இருந்தால் மேல்காற்றும் கீழ்க்காற்றும் மூன்றுக்கும் ஒன்றுபோலக் கிடைக்கும். பக்கத்தில் இருப்பவர் கவனிக்கட்டும், ஓட்டுகிறவர் சாலையை மட்டும் பார்க்கட்டும்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். பாலக்காடு தாண்டி வேகம் ஐம்பதை நெருங்கியபோதே, "இந்தப் பக்கம் நகர ஆரம்பிச்சிருச்சுங்க" என்று என் மனைவி சிலிக்கோன் பட்டையைக் காட்டினாள். ஃபுளோரின் பட்டை அறுபதைத் தாண்டிய பிறகுதான் சுறுசுறுப்பானது. எண்பதில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கண்ணாடியின் சாய்வைப் பொறுத்து இந்த வேகங்கள் வண்டிக்கு வண்டி மாறும்.

வால்பாறை மலைப்பாதை வேறு கதை. 40 கொண்டை ஊசி வளைவுகளில் இருபது, முப்பதுக்கு மேல் வேகம் எடுக்க முடியாது. அங்கே காற்று துளியைத் தள்ளாது. எந்தக் கோட்டிங் பூசியிருந்தாலும் வைப்பர் போட்டே ஆகவேண்டும். வைப்பர் எவ்வளவு சுத்தமாகத் துடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஃபுளோரின் பட்டையில் வைப்பர் போன பிறகு பனி படிந்ததுபோல் ஒரு மெல்லிய மங்கல் நொடி நேரம் நின்று மறைந்தது. சிலிக்கோனில் அது குறைவு.

ஊருக்குள் இரவு ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது நகராத ஒவ்வொரு துளியும் எதிர் வண்டியின் ஹெட்லைட்டை வாங்கிச் சிதறடிக்கும். மெதுவாக நகரும் போக்குவரத்தில், நன்றாகக் கழுவிய வெறும் கண்ணாடியும் புது வைப்பர் ரப்பரும் கோட்டிங்கைவிடத் தெளிவாகக் காட்டக்கூடும். நெடுஞ்சாலையில் கோட்டிங்கின் பயன் ஊகம் அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், நீர்விலக்கி பூசிய கண்ணாடி வழியே மழையில் பார்த்தவர்களின் பார்வைத் துல்லியம் கூடியதும், சிறு பொருளைக் கண்டுகொள்ளும் நேரம் குறைந்ததும் பதிவாகியிருக்கிறது.

பாதி வேலை கண்ணாடியைத் தயார் செய்வதில்

விலை உயர்ந்த பாட்டிலை வாங்கி, வாட்டர் வாஷ் முடித்த கையோடு பூசினால் காசு வீண். சோப்புக்குப் போகாத எண்ணெய்ப் படலமும், போர் தண்ணீரின் உப்புக்கறையும் கண்ணாடியில் ஒட்டியே இருக்கும். கோட்டிங் கண்ணாடியைப் பிடிக்காமல் அந்த அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், அழுக்கு போகும்போது அதுவும் போய்விடும்.

நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் ஷாம்பு போட்டுக் கழுவுவது. அடுத்து, சீரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி பாலிஷால் கையாலேயே வட்ட வட்டமாகத் தேய்ப்பது. தண்ணீர் எங்கும் திட்டுத்திட்டாக விலகாமல் ஒரே படலமாகப் பரவினால் கண்ணாடி தயார். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நிழலில், கண்ணாடி கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது பூசுவது. பாட்டிலில் சொன்ன நேரம் காயவிட்டு, மீதியைச் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் முழுக்க எடுத்துவிட வேண்டும். ஆல்கஹாலும் சில கோட்டிங்குகளும் தீப்பற்றக்கூடியவை, அருகில் நெருப்பு கூடாது.

வைப்பர் தடதடத்தால் பெரும்பாலானவர்கள் கோட்டிங்கைத் திட்டுவார்கள். துடைக்காமல் விட்ட மிச்சமும், அழுக்கேறிய ரப்பரும், கோணம் மாறிய வைப்பர் கையும்தான் பெரும்பாலும் காரணம். ரப்பரின் ஓரத்தை ஆல்கஹால் துணியால் துடையுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் ரப்பரை மாற்றுங்கள். லேசான தூறலில் வைப்பரைத் தொடர்ந்து ஓடவிடாதீர்கள். கோட்டிங் பூசிய கண்ணாடியில் ரப்பரை வழுக்கவைக்கும் நீர்ப்படலம் இருக்காது, தேவைப்படும்போது ஒரு முறை தட்டினால் போதும். வாஷர் தொட்டியில் துணி சோப்பைக் கரைத்து ஊற்றுவதையும் நிறுத்துங்கள், அது கோட்டிங்கின் ஆயுளைக் குறைக்கும்.

பரப்ப வேண்டிய இடங்கள்

வைப்பர் பழுதான நேரத்தில் லாரி ஓட்டுநர்கள் கண்ணாடியில் புகையிலையைத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கோட்டிங் செய்யும் வேலைக்கு நேர் எதிரானது. துளிகளைக் கலைத்து, தண்ணீரை ஒரே படலமாகப் பரவச் செய்து பார்வை தருகிறது. அடுத்த மழையில் கழுவிப் போய்விடும், ஆனால் அதன் பின்னுள்ள தத்துவம் சரியானது.

பக்கவாட்டு மிரர்களுக்கு அந்தத் தத்துவமே ஏற்றது. அங்கே துளியைத் தள்ளும் அளவுக்குக் காற்று படுவதில்லை, முத்து அப்படியே நின்று பின்னால் வரும் வண்டியை மறைக்கும். நீரைப் பரப்பும் வகை பூச்சோ பிலிமோ அதற்கென்று தனியாகக் கிடைக்கிறது. கண்ணாடியின் உள்பக்கத்திலும் மழை நீர்விலக்கியைப் பூசாதீர்கள். குதிரான் சுரங்கப்பாதையிலிருந்து மழைக்குள் வெளிவரும்போது உள்ளே ஆவி படிந்தால், ஏசியை டீஃபாக் பக்கம் திருப்புவதுதான் வழி. கதவுக் கண்ணாடிகளுக்கு மட்டும் தாராளமாக ஃபுளோரின் பூசலாம். வைப்பர் தேய்ப்பு இல்லாததால் நீண்ட நாள் உழைக்கும்.

ஃபுளோரின் வகைகளில் பல, இயற்கையில் எளிதில் சிதையாத பிஃபாஸ் வேதிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பம் முழுவதையும் கட்டுப்படுத்தும் முன்மொழிவை 2023-இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் வைத்தன. இதைப் பொருட்படுத்துகிறவர்களுக்கு சிலிக்கோன் நல்ல மாற்று.

என் பரிந்துரை இப்படி: நெடுஞ்சாலையில் எழுபது, எண்பதில் நெடுந்தூரம் போகிறவர்கள், மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை பொறுமையாகக் கண்ணாடியைத் தயார் செய்து ஃபுளோரின் பூசுங்கள். மலைப்பாதையிலும் சிற்றூர்ச் சாலைகளிலும் ஓட்டுகிறவர்கள் சிலிக்கோன் வாங்கி, துளி ஓடாமல் தயங்கத் தொடங்கும்போதெல்லாம் மறுபடி பூசுங்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் அந்தக் காசில் நல்ல வைப்பர் ரப்பர் வாங்குங்கள். மூன்று பேருக்கும் பொதுவானது ஒன்று: கோட்டிங் பார்வையைத்தான் கூட்டும், ஈரச் சாலையில் டயரின் பிடியைக் கூட்டாது. கண்ணாடி தெளிவாக இருக்கிறதே என்று வேகத்தைக் கூட்டாதீர்கள்.