விரல் நுனியில் ஒரு நாவு



நாவைக் குறித்து யாக்கோபு நிருபம் 3-ம் அதிகாரத்திலிருந்து எத்தனையோ செய்திகள் கேட்டிருக்கிறோம். கேட்டு, வாயை அடக்கக் கற்றுக்கொண்டவர்களும் நம்மில் உண்டு. ஆனால் இன்றைக்கு நாவு வாயில் மட்டுமா இருக்கிறது? விரல் நுனிக்கும் வந்துவிட்டதே! சபையில் ஒரு கடுஞ்சொல் பேசாத சகோதரன், ராத்திரி 11 மணிக்குப் படுத்துக்கொண்டே முகம் தெரியாத ஒருவரை ஃபேஸ்புக்கில் கிழிகிழியென்று கிழிக்கிறார். நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டேட்டஸ் வைக்கிறாள். அதில் யார் பேரும் இல்லை. "இது எனக்குத்தான் போட்டிருக்கா" என்று அண்ணிக்குத் தூக்கம் போய்விடுகிறது. பதிலுக்கு இவளும் ஒன்று வைக்கிறாள். நேரில் ஒரு வார்த்தை சண்டை போடாமலே இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுவிடுகிறது!

ஏன் இப்படி? மனுஷனுடைய மனது நல்லதைவிடக் கெட்டதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பத்துப் பேர் "நல்லா இருக்கு" என்று சொன்னதை விட்டுவிட்டு, ஒருத்தன் கேலி பண்ணினதையே நினைத்துக்கொண்டிருப்போம், இல்லையா? அமெரிக்காவில் ஓர் இணையதளத்தின் சுமார் 1 லட்சம் செய்தித் தலைப்புகளை ஆராய்ந்து 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. தலைப்பில் எதிர்மறையான வார்த்தை ஒன்று கூடினால், அதைத் திறந்து பார்க்கிறது சுமார் 2.3 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள்.

இந்தப் பலவீனம் நமக்குத் தெரியாவிட்டாலும் கம்பெனியின் இயந்திரத்துக்குத் தெரியும். எதை நாம் நின்று பார்க்கிறோம், எதற்குப் பதில் எழுதுகிறோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. அதே மாதிரி இன்னும் கொண்டுவந்து கொட்டுகிறது. ஃபேஸ்புக்கில் 2017 முதல் ஒரு லைக்குக்கு 1 மதிப்பென்றால், கோப முகம் உட்பட மற்ற முகங்களுக்கு 5 மதிப்பு கொடுத்தார்கள். கோப முகம் அதிகம் வாங்கும் பதிவுகளில்தான் பொய்யும் விஷமும் அதிகம் என்று அந்தக் கம்பெனி ஊழியர்களே கண்டு சொன்னார்கள். கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கியது 2020-ல்தான். 2021-ல் உள் ஆவணங்கள் வெளியே வந்த பிறகே இதெல்லாம் உலகத்துக்குத் தெரிந்தது. ஆகவே நாம் "என் வைராக்கியம்" என்று நினைக்கிற கோபத்தில், யாரோ ஊட்டிவிட்ட கோபமும் கலந்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

இது தொற்றவும் செய்யும். 2012 ஜனவரியில் ஒரு வாரம், சுமார் 6,89,000 பேருக்குத் தெரியாமலே அவர்கள் பக்கத்தில் வரும் பதிவுகளை ஃபேஸ்புக் கூட்டிக் குறைத்துப் பார்த்தது. சந்தோஷமான பதிவுகளைக் குறைத்தபோது, அவர்கள் தாங்களும் கொஞ்சம் சோர்வாகவே எழுதினார்கள். வித்தியாசம் மிகச் சிறியதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்காமல் மனதைத் தொட்டுப் பார்த்தார்களே! 2014-ல் இது வெளியானபோது பெரிய கண்டனம் எழுந்தது.

பழி எல்லாம் போன்மேல் போட்டுவிடவும் முடியாது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் இதே வாட்ஸ்அப், ஃபேஸ்புக் வழியாக எத்தனை வீடுகளுக்குச் சாப்பாடும் உதவியும் போய்ச் சேர்ந்தது!

நஷ்டம் விழுகிற இடம் நம் வீடு. ஜான் காட்மன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தம்பதிகளைப் பல வருஷம் கவனித்தார். நிலைத்து நிற்கிற குடும்பங்களில், வாக்குவாதத்தின் நடுவிலும்கூட, ஒரு கசப்பான வார்த்தைக்கு அல்லது செய்கைக்கு ஐந்து நல்லது இருந்ததாம். இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு மணி நேரம் வசையைப் படித்துவிட்டு எழுந்திருக்கிற புருஷன், "என்னங்க, சாப்பிட வர்றீங்களா?" என்று கேட்கிற மனைவியிடம் என்ன குரலில் பதில் சொல்லுவான்? முகம் தெரியாதவன்மேல் வந்த கோபம், முகம் தெரிந்தவள்மேல் இறங்குகிறது.

பெற்றோரே, இன்னொன்று. பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று பேசினால், ஜெபித்துவிட்டு அதோடு விட்டுவிடாதீர்கள். ஜெபியுங்கள், டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலி மானஸ் இலவச ஆலோசனை தமிழிலும் கிடைக்கிறது. 2022-ல் தொடங்கினார்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"அப்படின்னா போனையே தூக்கிப் போடணுமா பிரதர்?" என்று கேட்பீர்கள். 2018-ல் அமெரிக்காவில் சிலரை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்திவைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். தினமும் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது. செய்தி அறிவு கொஞ்சம் குறைந்தது, உண்மைதான். ஆனால் வீட்டாரோடும் சிநேகிதரோடும் செலவழித்த நேரம் கூடியது, மனதும் சற்றுத் தேறியது. நான்கு வாரம் முடிந்து தடை நீங்கின பிறகும், அவர்கள் முன்போல அவ்வளவு நேரம் அதில் உட்காரவில்லை.