கன்பூசியஸ் நெறி: மாறியதும் மாறாததும்

நல்லொழுக்கத்தைப் பாடமாக்கித் தேர்வு வைத்து மதிப்பெண் இட இயலுமா? நெடுங்காலம் வகுப்பறையில் நின்ற எனக்கு இவ்வினா புதிதன்று. விடை தேடுவோர்க்குச் சீனப் பேரறிஞர் கன்பூசியஸின் நெறி கடந்துவந்த பாதை துணைசெய்யும்.

கன்பூசியஸ் (கி.மு. 551–479) தம்மை முன்னோர் நெறியை வழங்குபவராகவே கருதினார். ஆயினும், உயர்குடிப் பிறந்தோரைக் குறித்த 'சுன்சி' என்னும் பழஞ்சொல்லை, ஒழுக்கத்தால் உயர்ந்தோர்க்கு உரியதாக்கினார். 'அந்தணர்' என்னும் சொல்லுக்குத் திருக்குறள் தரும் பொருளை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். சொல் பழையது, பொருள் புதிது.

அவருக்குப் பின் வந்தோர் இருவேறு வழி சென்றனர். மனித இயல்பு நல்லது, முளையைப் பேணினால் போதும் என்றார் மென்சியஸ். அது தீயது, வளைந்த மரத்தை நிமிர்த்துவதுபோலப் பயிற்சியால் திருத்தவேண்டும் என்றார் சுன் குவாங். எனினும், கல்வியால் எவரும் சான்றோர் ஆகலாம் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

பௌத்தம் வேரூன்றிய காலத்தில் எழுந்த புதிய வினாக்களுக்கு விடைகாண முயன்றவர்களுள் தலையாயவர் சூ சி (1130–1200). அவர் நான்கு நூல்களுக்கு எழுதிய உரை, 1313ஆம் ஆண்டு ஆணையால் அரசுத் தேர்வுக்குரியதாயிற்று. அத்தேர்வு முறை 1905இல் நீக்கப்பட்டது. பதவிக்காக மனனம் செய்வோர் பெருகிய காலத்தில் வாங் யாங்மிங் (1472–1529), அறிதலும் செய்தலும் ஒன்றே என வற்புறுத்தினார். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் ஒருங்கே வேண்டும் எனக் கேட்டு வளர்ந்த நமக்கு இக்கருத்து அயலானதன்று.

தமிழரும் வாழும் சிங்கப்பூரில் 1984இல் உயர்நிலைப் பள்ளிகளில் சமய அறிவு கட்டாயப் பாடமாயிற்று. தெரிவுசெய்யத்தக்க பாடங்களுள் கன்பூசிய அறநெறியும் இந்து சமயமும் இருந்தன. சீன மாணவரிடையிலேயே பௌத்தப் பாடத்தை நாடியோர் மிகுதி. சமய வேறுபாடு கூர்மையடையுமோ என்ற கவலையும் சேர, 1989இல் அக்கட்டாயத்தைக் கைவிட முடிவாயிற்று.

உரைகள் மாறின, தேர்வுகள் வந்தன, போயின. கற்றதை வாழ்ந்து காட்டும் ஆசிரியரும் பெற்றோருமே அந்நெறியை அறாது காத்தனர் எனலாம். சமய வகுப்பில் பிழையின்றி ஒப்பித்த பிள்ளைக்கே நானும் பரிசளித்து வந்தேன். தன் தின்பண்டத்தைப் பகிர்ந்துண்ட பிள்ளையை அன்று கவனித்தேனா என இன்று எண்ணுகிறேன்.

சிந்தனைக்கு:
1. மென்சியஸ், சுன் குவாங் இருவரும் எதில் வேறுபட்டனர்? எதில் ஒன்றுபட்டனர்?
2. நம் இல்லத்தில் பிள்ளைகள் கேட்டுக் கற்ற அறம் எது? கண்டு கற்ற அறம் எது?

— ஓய்வுபெற்ற ஆசிரியை, பல்லாவரம்