தீயில் ஒருவர் மாண்ட வீட்டில் பஞ்சாயத்தாராக நிற்பவருக்கு

அண்டை வீடு தீப்பற்றி, அதில் ஒருவர் மாண்டு, காரணம் இன்னதென்று புலப்படாதிருக்கையில், போலீஸ் அதிகாரி உங்களைப் பிரேத விசாரணைக்குப் பஞ்சாயத்தாராக நிற்கும்படி அழைத்தால், அதை வெறும் கையெழுத்துச் சடங்கென்று கருதி விலகிவிட வேண்டாம். பம்பாயில் 1999 வரை நீடித்த கொரோனர் என்னும் மரண விசாரணை அதிகாரியின் பதவியும் ஒழிந்த நம் தேசத்தில், சந்தேக மரணத்தின் முதல் விசாரணை, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின்படி, அக்கம்பக்கத்தார் இருவருக்குக் குறையாமல் முன்னிற்க நடப்பதேயாகும்.

முதற்காரியம், எதையும் அப்புறப்படுத்துமுன் பிரேதத்தை நேரில் பார்ப்பது. கைகால்கள் மடங்கி, முஷ்டி இறுகி, குத்துச்சண்டைக்கு நிற்பவர்போல் உடல் கிடப்பதைக் கண்டு சச்சரவு நடந்ததென்று முடிவுகட்டலாகாது. உஷ்ணத்தில் தசைகள் சுருங்குவதால் இறந்த உடலும் அவ்வாறு வளையும், மண்டையோடும் விரிசல் காணும்.

அடுத்தது அடுப்பு. ‘ஸ்டவ் வெடித்தது’ என்ற வாசகத்தைக் கேட்ட மாத்திரத்தில் நம்பிவிடுவது நம்மவரின் நெடுநாள் பலவீனம். ஸ்டவ்வின் தொட்டி பிளந்திருக்கிறதா, எண்ணெய் மிச்சமிருக்கிறதா, சிலிண்டராயின் ரெகுலேட்டர் திறந்திருந்ததா, ரப்பர் குழாய் எவ்விடத்தில் கருகியது, கதவின் தாழ்ப்பாள் உள்ளே விழுந்திருந்ததா வெளியிலா என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, பார்த்தபடியே அறிக்கையில் ஏறும்படி சொல்லுங்கள். கருகிய துணியைச் சாதாரணப் பாலிதீன் பையில் கட்டினால் மண்ணெண்ணெயின் ஆவி கசிந்துபோகும்; காற்றுப்புகாத கண்ணாடி ஜாடியோ தகர டப்பாவோ வேண்டுமென்று வற்புறுத்தலாம்.

மிச்சம் டாக்டருடையது. மூச்சுக்குழாயில் கரியும் இரத்தத்தில் கார்பன் மோனாக்ஸைடும் காணப்பட்டால், தீ எரிந்தபோது மாண்டவர் சுவாசித்துக்கொண்டிருந்தார் என்பது ஏறக்குறைய நிச்சயம். இரண்டும் இல்லையெனில் முன்னரே உயிர் பிரிந்ததோ என்ற ஐயம் எழும், ஆயினும் திடீரென மூண்ட பெருந்தீயில் அவை சொற்பமாக இருப்பதுமுண்டு.

மாண்டவர் மணமாகி ஏழாண்டுக்குட்பட்ட பெண்ணாயிருந்து, மரணம் தற்கொலையாகவோ சந்தேகத்துக்குரியதாகவோ தோன்றினால் மாஜிஸ்திரேட் விசாரணையும் உண்டு. நம் மாநிலத்தில் வழக்கமாகக் கோட்டாட்சியர் அதை நடத்துவார். பெற்றோர் தமக்குத் தெரிந்ததை அங்கே தயங்காமல் சொல்ல வேண்டும்.

போலீஸ் அதிகாரியின் விசாரணை அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போய்விடுமாதலால், வாசிக்கச் சொல்லிக் கேட்டபின்பே பேனாவை எடுங்கள். காணாதது ஏதும் அதில் எழுதப்பட்டிருந்தால் கையொப்பமிட மறுக்கலாம்; உடன்படுகிறவர்கள் மட்டும் கையொப்பமிட்டால் போதுமென்றே சட்டம் சொல்கிறது.