ஒரே அலை, பல வாய்க்கால்

கைப்பேசியைப் பயன்படுத்த நமக்குத் தெரியும். அதற்குப் பின்னால் நடப்பது என்ன என்று நாம் கேட்பது குறைவு. இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றம் எடுத்துக்கொண்ட பொருள் ‘நெட்வொர்க் ஸ்லைசிங்’ என்பதாகும். ஒரே கைப்பேசிக் கோபுரத்தின் ஆற்றலைப் பல கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறையும் ஒவ்வொரு தேவைக்கு என்று நிர்வகிப்பதற்கு இப்பெயர். பெயர் புதிதே ஒழிய, விஷயம் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குப் பழையதுதான்.

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, அடிவாரத்து அணையில் தேங்கி, மதகு வழியாக வாய்க்கால்களில் இறங்கி நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்கிறது. தண்ணீர் ஒன்று, மடைகள் பல. முறை வைக்காவிட்டால் தலைமடைக்காரர் வயல் நிரம்பி வழியும். கடைமடைக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வானலையும் அவ்விதமே. ஒருவர் திரைப்படம் பார்க்கிறார். ஒரு மாணவி பாடம் கேட்கிறாள். 108 ஆம்புலன்ஸிலிருந்து நோயாளியின் நாடித்துடிப்பு மருத்துவமனைக்குப் போகவேண்டும். மூன்றும் ஒரே கோபுரத்தையே நம்பியிருக்கின்றன.

5ஜி முறையில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையை 273 கட்டங்களாகப் பிரிப்பது வழக்கம். ‘ரிசோர்ஸ் பிளாக்’ என்பது அதன் பெயர். வினாடிக்கு 2000 தடவை இக்கட்டங்கள் புதிதாகப் பங்கிடப்படுகின்றன. கூறிடுதல் என்றால் இந்தப் பங்கீட்டுக்கு விதி எழுதுவது. உலகத் தர விதிகளில் மூன்று அளவுகள் உண்டு. முதலாவது தனி ஒதுக்கீடு: அக்கூறு சும்மா இருந்தாலும் வேறு எவரும் தொடக்கூடாது. இரண்டாவது குறைந்தபட்ச உறுதி: கேட்கும்போது கிடைத்தே தீரவேண்டும், கேட்காதபோது மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது உச்ச வரம்பு: அதற்குமேல் பேராசை கூடாது!

நகரத்துக் கோபுரத்தில் மருத்துவத்திற்கு 10 விழுக்காடு என்றால் 27 கட்டங்கள். தாராளமே. மலைக்கு வருவோம். மேடுபள்ளங்களைத் தாண்டித் தொலைவு செல்ல வேண்டுமானால் 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசையே ஏற்றது. ஆனால் அதில் 10 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைத்தால் கட்டங்கள் மொத்தமே 52. பத்து விழுக்காடு என்றால் ஐந்து. இந்த ஐந்தையும் தனி ஒதுக்கீடாகப் பூட்டி வைத்தால், ஆம்புலன்ஸ் வராத நாளெல்லாம் அவை வீணாகும். பாடம் கேட்கும் சிறுமிக்கும் உதவா. ஆகையால் மலைக்குக் குறைந்தபட்ச உறுதியே பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

இதோடு கணக்கு முடியவில்லை. கோபுரத்தின் அருகில் தெளிவான அலை பெறுபவருக்கு ஒரு குறியீட்டில் 8 பிட் செய்தியை ஏற்றலாம். பாறைக்குப் பின்னால், ஓடைப் பள்ளத்தில் இருப்பவருக்கு 2 பிட்தான் ஏற்ற முடியும். பிழைதிருத்தத்திற்கு விடும் இடம் போக அதுவும் குறையும். அப்படியானால் பள்ளத்து வீட்டுக்கு ஐந்து கட்டம் கொடுத்தாலும், அது அருகிலிருப்பவரின் ஒரு கட்டத்தைவிடச் சற்றே மிகுதி! ஏட்டில் பங்கு சமமாக இருக்கும். வீட்டில் வந்து சேர்வது சமமாக இராது. கடைமடைக்குத் திறந்துவிட்ட தண்ணீரில் பாதியை மண் குடித்துவிடுவதை அறிந்த நம் தாத்தாமார்களுக்கு இது வியப்பாக இராது. எனவே கொடுத்ததை எண்ணினால் போதாது, சேர்ந்ததை அளக்கவேண்டும்.

அளப்பது யார்? இங்கேதான் ‘திறந்த ரேடியோ வலையமைப்பு’ வருகிறது. முன்பெல்லாம் கோபுரத்தின் உச்சியிலுள்ள வானலைப் பெட்டி முதல் கீழேயுள்ள கணிப்பொறி வரை ஒரே கம்பெனியிடம் வாங்கவேண்டியிருந்தது. 2018-இல் தோன்றிய ஓ-ரான் கூட்டமைப்பு, இவற்றை இணைக்கும் விதிகளைப் பொதுவாக வெளியிட்டது. பெட்டி ஒருவரிடம், மென்பொருள் மற்றொருவரிடம் என வாங்கலாம். இதில் ‘ரிக்’ என்னும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இரண்டு உண்டு. ஒன்று நிதானமானது, ஒரு வினாடிக்கு மேற்பட்ட கால அளவில் கணக்குகளைப் பார்த்துக் கொள்கை வகுக்கும். பாசனச் சங்கத்துப் பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று மண்வெட்டியுடன் வரப்பில் நிற்பவரைப் போன்றது. நூற்றில் ஒரு வினாடி முதல் ஒரு வினாடிக்குள் நிலைமையை அளந்து, பள்ளத்தில் இருப்பவருக்குக் குறைகிறதென்றால் அக்கூறின் பங்கை உயர்த்தச் சொல்லும். குறை ஒன்றும் உண்டு. பழுது ஏற்பட்டால் பெட்டி செய்தவர் மென்பொருள்காரரைக் காட்டுவார். அவர் இவரைக் காட்டுவார். மலைப்பாதையில் பழுது பார்க்க ஆள் வருவதற்கே பொழுது போய்விடும் இடத்தில் இது சிறிய குறையன்று.

பணம் கொடுப்பவருக்குப் பெரிய வாய்க்கால் வெட்டிவிட்டால் என்ன செய்வது என்றும் மன்றத்தில் ஒரு மாணவி கேட்டாள். 2016 பிப்ரவரியில் ‘டிராய்’ அமைப்பு, பார்க்கும் பொருளுக்கேற்ப இணையக் கட்டணத்தை வேறுபடுத்துவதைத் தடை செய்தது. 2018-இல் மத்திய அரசு இணையச் சமநிலைக் கொள்கையை ஏற்றபோது, சில சிறப்புச் சேவைகளுக்கு விலக்குக்கும் இடம் வைத்தது. எது சிறப்பு, எது சாதாரணம் என்ற எல்லைக்கோட்டில்தான் வழக்கு எழும். மருத்துவம் சிறப்பு என்பதில் ஐயமில்லை. மலைப்பள்ளியின் பாடமும் அதில் சேருமா?

நமது மாநிலத்தில் இதைப் பயில வழியுண்டு. சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் அமைத்த 5ஜி சோதனைக்களம் 2022 மே 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று நாட்டில் 5ஜி சேவை துவங்கியது. இருப்பினும் நாம் மேலே கண்ட கூறிடும் முறைக்கு, 4ஜியின் துணையின்றித் தானே இயங்கும் 5ஜி மையம் வேண்டும். 4ஜியே எட்டாத கிராமங்களுக்கு அதைக் கொண்டு செல்லும் திட்டத்தை 2022 ஜூலையில் மத்திய அரசு ஏற்றபோது, பட்டியலில் இருந்த கிராமங்கள் 24,680. மதகு கட்டாத ஏரியில் மடைக்கு முறை வைக்க முடியாதல்லவா? எனவே எங்கள் மன்றம் அடுத்ததாக, மலையிலிருந்து வந்து பயிலும் மாணவியரின் ஊர்களில் எந்தத் திண்ணையில், எந்தப் பள்ளத்தில் எத்தனை கோடு சமிக்ஞை கிடைக்கிறதென்று விடுமுறையில் குறித்து வந்து வரைபடம் வரைய இருக்கிறது.