சாயக் கழிவும் பாசன நீரும்

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றின் குறுக்கே அமைந்த அணைக்கட்டினால் பயன்பெறும் உழவர்கள் ஓர் உண்மையை நன்கறிவர். மேலே ஓரூரார் ஆற்றில் விடுவது கீழே வேறோர் ஊராரின் வயலை வந்தடையும். நாம் உடுத்தும் வண்ணத் துணிக்கும் இவ்வுண்மைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நொய்யலாற்றுக்கு நேர்ந்த கதியே இதற்குச் சான்றாகும்.

உப்பு வரும் வழி

இன்று பருத்திக்குப் பெரிதும் பயன்படும் செயற்கைச் சாயங்கள் நூலில் நன்கு ஏறுவதற்காகத் தொட்டியில் உப்புச் சேர்க்கின்றனர். நிறத்தின் அடர்த்திக்கேற்ப லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை இது தேவைப்படும். 50 கிராம் எனக் கொண்டால், 1,000 லிட்டர் நீரில் 50 கிலோ உப்புக் கரைந்திருக்கும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ கழிவுநீருடன் வெளியேறிவிடும். சுண்ணாம்பு முதலியன இட்டு நிறத்தைப் போக்கலாம், உப்பு போகாது. ஆகவே, தெளிந்த நீரெல்லாம் பயிருக்கேற்ற நீர் அன்று. உப்பு மிகுந்தால் நிலம் ஈரமாயிருப்பினும் வேர் நீரை உறிஞ்ச இயலாமல் பயிர் வாடும்.

ஒரத்துப்பாளையம் தரும் பாடம்

இன்றைய திருப்பூர், கரூர் மாவட்ட நிலங்களின் பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அங்கே தேங்கியது. அணையைத் திறக்குமாறு கேட்க வேண்டிய உழவர்களே அந்நீரைத் திறக்க வேண்டாமெனக் கேட்கும் நிலை உண்டாயிற்று. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன, தொழிலாளரும் அல்லலுற்றனர்.

பின்னர், கழிவு சிறிதும் வெளியேறாத முறையைக் கைக்கொண்ட பட்டறைகள் மீண்டும் இயங்கலாயின. இம்முறையில் ஆர்.ஓ. சவ்வின் வழியே நீரைப் பிரித்து, எஞ்சியதைக் காய்ச்சி உப்பை எடுக்கின்றனர். மீட்ட நீரும் உப்பும் மீண்டும் தொட்டிக்கே பயன்படுகின்றன. செலவு மிகுதிதான், எனினும் அச்செலவை உழவன் தலையில் சுமத்துவது முறையன்று.

அவுரியின் நினைவு

19-ஆம் நூற்றாண்டில் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அவுரி மிகுதியாகப் பயிராயிற்று. அதன் நீலச் சாயத்தைச் சுண்ணாம்பும் தகரை விதையும் கொண்டு புளிக்கவைத்து ஏற்றினர். சாயத்தை நூலில் ஏற்ற உப்பு வேண்டியதில்லை. சாறெடுத்த தழையும் நிலத்துக்கு உரமாயிற்று. 1897-இல் ஜெர்மானியச் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் இப்பயிர் குன்றியது. நாடு முழுவதற்கும் வேண்டிய துணிக்கு அவுரி போதாது; ஆயினும் கைத்தறிக்கு அது ஏற்றதே.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

1. சாயப்பட்டறை அமைக்க எவரேனும் முன்வந்தால், 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற்றனரா என்றும், கழிவிலுள்ள உப்பை என்ன செய்வர் என்றும் கேட்க வேண்டும்.

2. பட்டறை வருமுன்னரே சுற்றுக் கிணறுகளின் நீரைச் சோதித்து, உப்பின் அளவைப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும். முன்னளவு இல்லையேல் பின்னர்க் கேட்டை மெய்ப்பிப்பது அரிது.

3. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-இல் கூடும் கிராம சபையில் அவ்வளவுகளைப் படித்துக் காட்டலாம்.

துணி வாங்குவோரும் தேவைக்கு வாங்கி நெடுநாள் உடுத்தினால் சாயத்தின் தேவை குறையும். பாழான நிலத்தை மீட்கப் பல்லாண்டு ஆகும். கிணற்று நீரைச் சோதிக்கச் சில நாள் போதும்.