காவலும் பொறுமையும்

2020-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி இரவு, நம் மாவட்டத்தின் மேற்கு எல்லையான களியக்காவிளையில், சோதனைச் சாவடியில் காவலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டதை நீர் மறந்திருக்க மாட்டீர். பயங்கரவாதம் தூர தேசத்துக் காரியமன்று. அதைத் தடுப்பதில் அரசாங்கத்தின் கடமை என்ன? நம் கடமை என்ன? இதற்கு இலங்கையின் அனுபவம் நல்ல பாடம்.

2019-ம் ஆண்டு ஏப்ரல் 21, பாஸ்குத் திருநாள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், நீர்கொழும்புக்கு அருகே கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

முதற் பாடம்: அரசாங்கம் விழித்திருக்க வேண்டும். ஏப்ரல் 4-ந் தேதியே இந்தியா எச்சரித்திருந்தது. அந்தச் சேதி அதிகாரிகளிடம் இருந்தது. கோவில் வாசலுக்குக் காவல் வரவில்லை. இக்கவனக் குறைவுக்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நஷ்டஈடு தர வேண்டுமென 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டாம் பாடம்: அயலார் வாய் திறக்க வேண்டும். கொலைக் கும்பலின் தலைவன் சஹ்ரானைப் பற்றி முஸ்லிம்களே முன்னதாக முறையிட்டிருந்தனர். ஏப்ரல் 26-ந் தேதி சாய்ந்தமருதில் எஞ்சிய கும்பலின் மறைவிடம் அகப்பட்டதும் ஊரார் கொடுத்த தகவலால்தான்.

மூன்றாம் பாடம் கடினமானது: பழிவாங்கலாகாது. "அவர்கள் எல்லாரும் ஒன்றுதானே" என்பீரோ? கொலைஞரின் உடல்களை ஏற்று அடக்கஞ் செய்ய மாட்டோமென்று முஸ்லிம் உலமா சபை அறிவித்தது. பழிவாங்க வேண்டாமென்று கர்தினால் மால்கம் ரஞ்சித் ஆண்டகை மன்றாடினார். ஆயினும் மே மாதம் கலகக் கும்பல்கள் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பாழாக்கின, ஒருவர் கொல்லப்பட்டார். குண்டு வைத்தவன் விரும்பியது அயலாருக்குள் இந்தப் பகைதானே!

அப்படியானால் நீதி வேண்டாமா? வேண்டும். கொலைஞரை மன்னித்தோமென்று 2020 பாஸ்குவில் கூறிய அதே கர்தினால், உண்மை வெளிவர வேண்டுமென்று கேட்பதையும் விடவில்லை. மன்னிப்பு பகையை விடச் சொல்கிறது. நீதியை விடச் சொல்லவில்லை.

ஆகையால் வாசகரே, ஐயத்துக்கு இடமான காரியத்தைக் கண்டால் காவல் நிலையத்தில் சொல்லும். கைப்பேசியில் வரும் வதந்தியை வேறெவருக்கும் அனுப்பாதேயும். அயலானை அவன் மதத்தைக் கொண்டு தீர்ப்பிடாதேயும். ஆபத்து நாளில் உமக்கு முதலில் சேதி சொல்பவன் அவனாகவே இருக்கலாம்.