வீட்டுக் கடனில் தவணைகளைத் தாண்டுவது எப்படி?

30 லட்ச ரூபாய் வீட்டுக் கடன், 8.5% வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை 26,035 ரூபாய். ஒரு மாதம்கூடத் தவறாமல் ஐந்து வருடம் கட்டியவர் மொத்தம் 15 லட்சத்து 62 ஆயிரம் கட்டியிருப்பார். அதில் அசலுக்குப் போனது 3 லட்சத்து 56 ஆயிரம்தான். பாக்கி இன்னும் 26 லட்சத்து 44 ஆயிரம். ஸ்டேட்மென்டில் இதைப் பார்க்கிற அன்றைக்குத்தான், சீக்கிரம் அடைத்துவிடலாம் என்று கிளம்பியவர்களில் பலர் ‘எப்படியும் இருபது வருஷம் கட்டத்தானே போறோம்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

பாதியில் நிற்பதற்குப் பணத் தட்டுப்பாடு ஒரு காரணம். கட்டிய பணத்தின் பலன் கண்ணுக்குத் தெரியாமல் போவது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. ஆகவே ‘மன உறுதியோடு இருங்கள்’ என்கிற பேச்சை ஒதுக்கிவிட்டு, பலனைத் தெரியவைக்கும் வேலைகளைப் பார்ப்போம்.

தொடங்கும் முன்

கிரெடிட் கார்டு பாக்கி, கப்போர்டு வேலைக்கு வாங்கிய பர்சனல் லோன், கிரகப்பிரவேசச் செலவுக்கு வைத்த நகை அடகு இவற்றில் எது இருந்தாலும் முதலில் அதை முடியுங்கள். பொதுவாக வீட்டுக் கடன்தான் உங்களிடம் இருப்பதிலேயே வட்டி குறைந்த கடன். அடுத்து, தவணையையும் சேர்த்து ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகை தனியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடும் டேர்ம் பாலிசியும் இருக்க வேண்டும். கடனில் போட்ட பணத்தை வங்கி திருப்பித் தராது. போனஸ் மொத்தத்தையும் கடனில் போட்டுவிட்டு, அடுத்த மாதம் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வளையலை அடகு வைக்கிறவர் அதற்குப் பிறகு முன்பணம் (தவணைக்கு மேல் கூடுதலாகக் கட்டும் தொகை) என்ற பேச்சையே எடுக்க மாட்டார்.

இந்தப் பயம் தீராதவர்களுக்கு ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் உண்டு. ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் அப்படிப்பட்டது. உபரிப் பணத்தை அதே கணக்கில் விட்டுவைத்தால் அந்த அளவுக்கு வட்டி குறையும், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். கையில் பணம் தங்காதவர்களுக்கு இது சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டியலை அச்சடியுங்கள்

வங்கியிடம் ‘ரீபேமென்ட் ஷெட்யூல்’ கேளுங்கள். பல வங்கிகளின் ஆப்பிலேயே கிடைக்கும். 240 தவணைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று இருக்கும். நம் கணக்கில் முதல் தவணையில் வட்டி 21,250, அசல் 4,785. இந்தத் தாள்களை பீரோ கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஹாலில் வேண்டாம், வருகிறவர்கள் எல்லாம் படிப்பார்கள்.

இப்போது முக்கியமான கணக்கு. முதல் வருடம் முடிந்து, 12 தவணை கட்டியாகிவிட்டது. கையில் ஒரு லட்சம் இருக்கிறது. பட்டியலில் 13-வது தவணையிலிருந்து அசல் என்ற கட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டே வாருங்கள். 13-வதில் 5,208, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 30-வதில் 5,870 சொச்சம். கூட்டுத்தொகை ஒரு லட்சத்தைத் தொடும் இடம் அந்த 30-வது தவணை. அதாவது இன்றைக்கு நீங்கள் போடும் ஒரு லட்சம் பதினெட்டு தவணைகளை ஒரே தாவில் தாண்டிவிடுகிறது. அடுத்த மாதம் வழக்கம்போலக் கட்டும் 26,035 ரூபாய், 31-வது தவணையில் போய் உட்காரும்.

சிவப்புப் பேனாவால் அந்தப் பதினெட்டு வரிசைகளையும் அடியுங்கள். அடிக்கும்போது வட்டிக் கட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம் வரும். வட்டி விகிதம் மாறாதவரை இந்தப் பணம் இனி உங்கள் கையை விட்டுப் போகாது. ‘ஒரு லட்சம் கட்டினேன், பாக்கி இன்னும் 28 லட்சம் இருக்கிறது’ என்று பார்க்கிற மனமும், ‘ஒன்றரை வருஷத்தைத் தாண்டினேன்’ என்று பார்க்கிற மனமும் ஒன்றல்ல. கணக்கு ஒன்றுதான்.

இதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாம் வருட முடிவில் போட்டால் ஆறு தவணைகூட முழுதாகத் தாண்டாது. மிச்சமாகும் வட்டி 50,000 அளவில்தான் இருக்கும். ‘சம்பளம் கூடினபிறகு மொத்தமாகப் போட்டுக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். சின்னத் தொகைக்கும் இதே கணக்கு செல்லும். 13-வது மாதத்தில் கூடுதலாக 5,200 போட்டால் ஒரு வரிசை போயிற்று. சிறுவாட்டில் சேர்ந்த பணம்கூட அதற்குப் போதும்.

வங்கியிடம் எழுதிக் கொடுங்கள்

முன்பணம் கட்டும்போது இரண்டு வழிகள் உண்டு: காலத்தைக் குறைப்பது, மாதத் தவணையைக் குறைப்பது. சீக்கிரம் முடிக்க வேண்டுமானால் முதலாவதுதான். கடிதத்தில் மூன்று விஷயங்கள் போதும்: ‘இந்தத் தொகையை அசலில் வரவு வைக்கவும். மாதத் தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும். புதிய ஷெட்யூல் தரவும்.’ நகலில் முத்திரையோடு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்பில் கட்டுபவர்கள் ‘பார்ட் பேமென்ட்’ என்ற இடத்தில்தான் கட்டுகிறோமா என்று பார்க்க வேண்டும். அடுத்த மாதத் தவணைக்கான அட்வான்ஸாகப் பணம் நின்றுவிட்டால் நீங்கள் எதையும் தாண்டவில்லை. ஒரு வாரம் கழித்து ஸ்டேட்மென்டைத் திறந்து, அசல் பாக்கி குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். கட்டிய அசல், வட்டி, மீதித் தவணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும் என்பதும் 2023-ல் வந்த விதி. வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பணம் தானாகப் போகட்டும்

ஒவ்வொரு மாதமும் ‘இந்த மாசம் கூடுதலாகக் கட்டலாமா’ என்று யோசிப்பதுதான் சோர்வுக்கு முதல் வாசல். யோசனைக்கே இடம் வைக்காதீர்கள்.

வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் நம் உதாரணக் கடன் 16 வருடம் 9 மாதத்தில் முடியும். தவணையையே வருடத்துக்கு 5% உயர்த்தினால் 12 வருடமும் இரண்டு மூன்று மாதமும்தான். முதல் உயர்வு மாதத்துக்கு 1,300 ரூபாய். அரசு ஊழியர் என்றால் அகவிலைப்படி உயரும் மாதத்தில், தனியார் என்றால் ஹைக் வரும் மாதத்தில் உயர்த்திவிடுங்கள். கூடின சம்பளம் ஒரு மாதம் கையில் தங்கினால் போதும், அதற்கு வீட்டில் செலவு முளைத்துவிடும். தவணையை உயர்த்த வங்கி இழுத்தடித்தால் அதே தொகைக்கு ஒரு ஆர்.டி. போட்டு, முதிர்ந்ததும் எடுத்துக் கடனில் கட்டுங்கள்.

தீபாவளி போனஸ், முடிந்த சீட்டுப் பணம் இவற்றை முழுக்கக் கடனில் போடாதீர்கள். முக்கால் பங்கு கடனுக்கு, கால் பங்கு வீட்டுக்கு. பிள்ளைகளுக்குப் பட்டாசும் துணியும் இல்லாமல் கட்டிய முன்பணம், அடுத்த வருடம் வீட்டில் ஒரு வாக்குவாதமாகத் திரும்பி வரும்.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் விவாதம்

“மச்சான், லோனை அடைக்காதீங்க, டாக்ஸ் பெனிஃபிட் போயிடும்” என்று சொல்ல எல்லாக் கல்யாண வீட்டிலும் ஒருவர் இருப்பார். பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. 30% வரி கட்டுகிறவருக்கே நூறு ரூபாய் வட்டி கட்டினால் மிச்சமாவது முப்பத்தொரு ரூபாய்தான். புதிய வரி முறையில் இருப்பவருக்கு, தானே குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவும் கிடையாது. நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று பார்த்தாலே பாதி விவாதம் தீர்ந்துவிடும்.

மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் கூட வருமே என்ற கேள்வி நியாயமானது. வரலாம். ஆனால் 8.5% கடனை அடைப்பது என்பது ஏற்ற இறக்கம் இல்லாமல், அந்த மிச்சத்துக்கு வரியும் இல்லாமல் 8.5% சம்பாதிப்பதற்குச் சமம். ஓய்வுக்காலத்துக்கான எஸ்.ஐ.பி.யை நிறுத்தாமல், உபரியைப் பாதிப் பாதியாகப் பிரிப்பதே என் விருப்பம். எந்தப் பங்கில் பிரித்தாலும் ஏப்ரலில் ஒருமுறை முடிவெடுத்து, அடுத்த ஏப்ரல் வரை அதைத் தொடாதீர்கள்.

வட்டி ஏறும்போது

மே 2022-ல் 4% இருந்த ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி), பிப்ரவரி 2023-க்குள் 6.5% ஆனது. தவணைத் தொகை மாறாமல் காலம் மட்டும் நீண்டதால், கட்டியதெல்லாம் வீண் என்று பலர் நொந்துபோனார்கள். அப்படி நேர்ந்தால் பழைய பட்டியலைக் கிழித்துவிட்டு, புது வட்டிக்கான பட்டியலை வாங்கி ஒட்டுங்கள். முடிந்தால் தவணையைக் கூட்டிக் காலத்தைப் பழையபடி இழுத்துப் பிடியுங்கள். அந்தத் தேர்வைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

2025-ல் ரெப்போ படிப்படியாக 5.25% வரை இறங்கியதுபோல வட்டி குறையும் காலத்தில் தவணையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் ஒரு பைசா கூடுதலாகப் போடாமலே வரிசைகள் அடிபடும். ரெப்போ இறங்கியும் உங்கள் வட்டி இறங்கவில்லை என்றால், கடன் இன்னும் பழைய எம்.சி.எல்.ஆர். முறையிலேயே கிடக்கிறதா என்று விசாரியுங்கள். சிறு கட்டணத்தில் ரெப்போ சார்ந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வேலை போனாலோ வீட்டில் விசேஷம் வந்தாலோ முன்பணத்தைத் தயங்காமல் நிறுத்துங்கள். மாதத் தவணை மட்டும் தவறக் கூடாது. அடித்த வரிசைகள் அடித்தவைதான், ஆறு மாதம் சும்மா இருந்தாலும் அவை திரும்ப முளைக்காது.

கடைசித் தவணைக்குப் பிறகு

பாக்கியில்லாச் சான்றிதழை வாங்குங்கள். சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் உத்தரவை ரத்து செய்யச் சொல்லுங்கள். அசல் பத்திரங்களை வங்கி முப்பது நாளுக்குள் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. வாங்கும்போது கடன் தொடக்கத்தில் கொடுத்த ஆவணப் பட்டியலை வைத்துக்கொண்டு, தாய்ப் பத்திரம் உட்பட ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தமிழ்நாட்டில் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. பதிவாகியிருந்தால், அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் வங்கி அதிகாரியை வைத்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று போட்டு, அந்த ரசீது அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.